65 கிராம் சர்க்கரையும் ஓர் அரசு அட்டையும்: நியூயார்க் கேட்டதும் வாஷிங்டன் மறுத்ததும்

நியூஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பில் போட வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, கூடவே ஏழெட்டு வயதில் ஒரு பையன், பேரனாக இருக்கும். அவர்கள் எடுத்து வைத்திருந்தது பிரெட், முட்டை, பெரிய பாட்டில் கோலா இரண்டு, அப்புறம் கடையிலேயே சுட்டுச் சூடாக வைத்து விற்கும் ஒரு முழுக் கோழி. அந்த அம்மா நீட்டியது அரசு உணவு உதவி அட்டை. பில் போட்ட பெண் குரலைத் தாழ்த்தி, கோழி இந்த அட்டையில் வராது என்றாள். அந்த அம்மா பையைத் துழாவிச் சில்லறையை எண்ணிப் பார்த்தார், போதவில்லை. கோழி ஓரமாக எடுத்து வைக்கப்பட்டது. கோலா பாட்டில் இரண்டும் பைக்குள் போயின. பின்னால் வரிசையில் இருந்த யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தோம், நாங்கள் பார்ப்பது அந்தப் பையனுக்கும் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்த அட்டையில் என்ன வாங்கலாம், என்ன வாங்கக்கூடாது என்பதற்குப் பின்னால் அறுபது வருஷ வாதம் இருப்பது தெரிந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 2010-இல் நியூயார்க் நகரம் முன்வைத்த ஒரு கோரிக்கை. அது நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை, அதனால் என்ன போயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, பாமாயில் என்று பொருளாகவே கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் ஏறும், அதை வைத்துச் சாதாரணக் கடையில் சாதாரண விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பு இதற்குக் காகிதக் கூப்பன் புத்தகம் இருந்தது, அதனால்தான் ஃபுட் ஸ்டாம்ப் என்ற பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. 2004-க்குள் எல்லா மாநிலங்களும் ஈபிடி என்ற மின்னணு அட்டைக்கு மாறிவிட்டன. 2008-இல் திட்டத்தின் பெயரையும் ஸ்நாப் என்று மாற்றினார்கள். பணம் மத்திய அரசுடையது, விதிகளை வகுப்பது வேளாண்மைத் துறை, நடத்துவது மாநிலங்கள். 2024-இல் சராசரியாக மாதத்துக்கு 4 கோடியே 17 லட்சம் பேர் இதில் இருந்தார்கள், ஆளுக்கு மாதம் 187 டாலர் வாக்கில் கிடைத்தது.

மத்திய அரசின் பொது விதி ரொம்ப விசாலமானது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடும் எந்த உணவும் வாங்கலாம். மது, புகையிலை, அப்புறம் சூடாக விற்கும் தயார் உணவு, இவை கூடாது. அதனால்தான் அன்று கோழி போனது. அதே கோழி ஆறி, குளிர்பெட்டியில் இருந்திருந்தால் அட்டையில் வந்திருக்கும். இத்தனைக்கும் 1964-இல் இந்தச் சட்டம் உருவானபோதே பிரதிநிதிகள் சபையின் வடிவில் குளிர்பானங்களுக்கு விலக்கு இருந்தது. நிர்வாகம் செய்வது கஷ்டம் என்று செனட் அதை எடுத்துவிட்டது. ஆக, குளிர்பானம் இந்த அட்டைக்குள் இருப்பது யாரும் யோசிக்காமல் நடந்த ஒன்று கிடையாது. யோசித்து, சண்டை போட்டு, விட்டுக்கொடுத்து நடந்தது.

நியூயார்க் கேட்டது என்ன

2010 அக்டோபரில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் மாநில ஆளுநர் டேவிட் பேட்டர்சனும் வேளாண்மைத் துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். நியூயார்க் நகரத்துக்குள் மட்டும், இரண்டு வருஷத்துக்கு மட்டும், ஃபுட் ஸ்டாம்ப் பணத்தில் சர்க்கரை பானம் வாங்க முடியாதபடி ஒரு சோதனை நடத்த அனுமதி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நகரச் சுகாதார ஆணையர் தாமஸ் ஃபார்லியும் மாநிலச் சுகாதார ஆணையர் ரிச்சர்ட் டெய்ன்ஸும் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் இதை விளக்கி எழுதினார்கள்.

எது சர்க்கரை பானம் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் எளிமையானது. 8 அவுன்ஸில், அதாவது ஏறக்குறைய 240 மில்லியில், 10 கலோரிக்கு மேல் இருந்தால் வாங்க முடியாது. சர்க்கரை சேர்க்காத பழச்சாறு, பால், பாலுக்குப் பதிலாகக் குடிப்பவை ஆகியவற்றுக்கு விலக்கு. டயட் கோலா இந்தக் கணக்கில் தடைக்குள் வராது. அதாவது கோபம் குளிர்பானத்தின் மேல் இல்லை, அதில் கரைந்திருக்கும் சர்க்கரையின் மேல்தான். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நான் ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தேன். அங்கே கடைகளில் வாசலருகே குளிர்பெட்டியில் வரிசையாக நிற்கும் 20 அவுன்ஸ் கோக்க கோலா பாட்டிலின் முதுகில் 65 கிராம் சர்க்கரை என்று அச்சடித்திருக்கும். ஒரு டீ டம்ளரை வைத்துக் கரண்டி கரண்டியாகப் போட்டேன். தராசு 65 காட்டும்போது பதினாறு டீஸ்பூன் ஆகியிருந்தது, டம்ளர் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. அமெரிக்க இதய சங்கம் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு வைத்திருக்கும் வரம்பு பெண்களுக்கு நாளுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36. ஒரு பாட்டில் குடித்தால் ஒரு பெண் இரண்டரை நாள் அளவைக் குடித்துவிடுகிறாள். டம்ளரில் இருந்ததைத் திரும்பச் சர்க்கரை டப்பாவில் கொட்டும்போது, இதை மென்று தின்னச் சொன்னால் யாராலும் முடியாதே, தண்ணீரில் கரைத்துக் குளிர வைத்தால் மட்டும் ஒரு பையன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறானே என்று தோன்றியது.

அப்போது நகரத்தில் 17 லட்சம் பேர் ஃபுட் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கு 270 கோடி டாலர் அந்த வழியில் வந்தது. அதில் 7.5 கோடி முதல் 13.5 கோடி டாலர் வரை சர்க்கரை பானத்துக்குப் போகிறது என்பது நகரத்தின் மதிப்பீடு. இதை ஆளுக்கு, மாதத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் நாலு டாலருக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி ஆறரை டாலர் சொச்சம் வரை வருகிறது. மொத்தத்தில் 3 முதல் 5 சதவீதம். மலை போன்ற ஊதாரித்தனம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஆனால் அந்த நகரத்தின் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நாலு டாலர் சின்னதாகத் தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நியூயார்க்கில் அரிசி, காய்கறி போன்றவற்றுக்கு விற்பனை வரி இல்லை, குளிர்பானத்துக்கு உண்டு, நகரத்தில் அது 8.875 சதவீதம். ஆனால் ஃபுட் ஸ்டாம்பில் வாங்கும் எதற்கும் விற்பனை வரி போடக்கூடாது என்பது மத்தியச் சட்டம். அதனால் சொந்தப் பணத்தில் வாங்குபவரைவிட, அட்டையில் வாங்குபவருக்குக் கோலா மலிவு. ஒரு கையால் நீரிழிவு மருத்துவத்துக்குச் செலவு செய்துகொண்டு, மறு கையால் அதை உண்டாக்கும் பொருளுக்குத் தள்ளுபடி கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று நகரச் சுகாதாரத் துறையினர் கேட்டதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

எதிர்த்தவர்கள்

குளிர்பான நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது, அதில் ஆச்சரியம் இல்லை. கவனிக்க வேண்டியது பசி ஒழிப்பு அமைப்புகளின் எதிர்ப்பு. இவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை, வரிசையில் நிற்கும் ஏழைகளுக்காக வருஷக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்கள் சொன்னது இதுதான்: ஏழைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று தெரியாது என்ற எண்ணத்தை இந்தத் தடை சட்டமாக்குகிறது. பணக்காரரும் இதே கோலாவைத்தான் குடிக்கிறார், அவர் வட்டிக்கழிவும் வரிச்சலுகையும் வாங்கும்போது யாரும் அவருடைய கடைத் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இன்று கோலா, நாளைக்கு என்ன?

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோழியை ஓரமாக எடுத்து வைத்தபோது அந்தப் பையன் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்தவன் நான். பிற்பாடு வந்த புள்ளிவிவரமும் பாதி இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. வேளாண்மைத் துறையே 2016 நவம்பரில் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது, ஒரு பெரிய கடைத்தொடரின் 2011-ஆம் வருஷ பில்களை வைத்துச் செய்தது. ஸ்நாப் குடும்பங்களின் மளிகைச் செலவில் முதலிடம் குளிர்பானத்துக்கு, 5.44 சதவீதம். பாலைக்கூட முந்திவிட்டது. ஸ்நாப் வாங்காத குடும்பங்களில் குளிர்பானம் 4.01 சதவீதம், இரண்டாம் இடம். எல்லாச் சர்க்கரை பானங்களையும் சேர்த்தால் ஒரு பக்கம் 9.3, மறு பக்கம் 7.1. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பார் ஏழைகள் என்ன வாங்குகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இரண்டாவது எண்ணைச் சொல்வதே இல்லை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இது ஒரு நாடே குடிக்கும் பழக்கம்.

மறுப்புக் கடிதம்

2011 ஆகஸ்ட் 19 அன்று பதில் வந்தது. டாம் வில்சாக் வேளாண்மைச் செயலராக இருந்த நேரம். கடிதம் சொன்ன காரணங்கள் சுருக்கமாக: சோதனையின் பரப்பு மிகப் பெரியது, சிக்கலானது. எந்தப் பொருள் கூடும், எது கூடாது என்று தெளிவாகப் பிரிக்கக் கடைக்காரருக்கு வழி இல்லை, அதனால் பில் போடும் இடத்தில் குழப்பமும் வாங்குபவருக்குத் தலைகுனிவும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் பருமன் குறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு மதிப்பீட்டு முறை வலுவாக இல்லை. தடையைவிட ஊக்கத்தொகை வழியையே துறை விரும்புகிறது.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் ஒரே எடை இல்லை. பொருளைப் பிரிக்க முடியாது என்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத காரணம். இதே துறை கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1970-களிலிருந்து விக் என்ற திட்டத்தை நடத்துகிறது. அதில் எந்தப் பால், எந்தத் தானியம், எத்தனை அவுன்ஸ் என்று பட்டியல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், கோலாவுக்கு அங்கே இடமே கிடையாது. விக் பட்டியல் சிறியது, கடைகளில் இருப்பதோ மூன்று லட்சம் பொருள், வருஷத்துக்குப் புதிதாக 12,000 வருகிறது என்று துறை 2007-இல் ஓர் அறிக்கையில் எழுதியிருந்தது, அது உண்மைதான். ஆனால் நியூயார்க் மூன்று லட்சத்தையும் பிரிக்கச் சொல்லவில்லை. பானங்களை மட்டும், முதுகில் அச்சடித்த ஒரே ஓர் எண்ணை வைத்துப் பிரிக்கச் சொன்னது.

அந்த 2007 அறிக்கையில் இன்னொரு கருத்தும் உண்டு, அது கனமானது. இந்த உதவி பெறுபவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் உணவுக்குச் சொந்தக் காசையும் போடுகிறார்கள். அட்டையில் கோலா வராவிட்டால் கையில் இருக்கும் காசில் கோலா, அட்டையில் முட்டை என்று மாற்றிக்கொள்வார்கள், குடிக்கும் அளவு குறையாமலே போகலாம். போகலாம், அவ்வளவுதான். நடக்குமா நடக்காதா என்று தெரிய ஒரே வழி செய்து பார்ப்பது. அதற்குத்தான் நகரம் அனுமதி கேட்டது.

மதிப்பீட்டு முறை பலவீனம் என்ற காரணம் சரியான காரணம், ஆனால் அதற்கு மருந்து வேறு. இரண்டு வருஷத்தில் 17 லட்சம் பேரின் எடை மாறியதா என்று தேடினால், நூறு காரணங்களுக்கு நடுவே இந்த ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாதுதான். சரி, அப்படியென்றால் ஒரு பகுதியில் மட்டும் செய், பக்கத்துப் பகுதியோடு ஒப்பிடு, எடையை விட்டுவிட்டு எத்தனை பாட்டில் விற்றது என்று எண்ணு என்று சொல்லியிருக்கலாம். நகரமும் தன் பங்குக்கு, தடையோடு பழத்துக்கும் காய்க்கும் ஏதாவது சேர்த்துத் தருகிறேன் என்று அதே விண்ணப்பத்தில் கட்டியிருக்கலாம். அதற்கான அனுபவம் அவர்களிடம் இருந்தது. 2005-இல் தொடங்கிய, உழவர் சந்தைகளில் அட்டையில் 5 டாலருக்கு வாங்கினால் 2 டாலர் கூப்பன் தரும் ஹெல்த் பக்ஸ் திட்டம் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததை ஏன் சேர்க்காமல் விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. எடுத்துக்கொள்வதை மட்டும் சொல்லி, கொடுப்பதைச் சொல்லாமல் போனால் கேட்பவர் காதில் அது தண்டனையாகத்தான் விழும்.

நியூயார்க் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. மின்னசோட்டா 2004-இல் மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் தடை கேட்டபோது, உதவி பெறுபவர்கள் சரியாக வாங்கத் தெரியாதவர்கள் என்ற பொய் நம்பிக்கையை இது நீட்டிக்கும் என்று மறுத்தார்கள். மெய்ன் மாநிலத்துக்கும் 2018-இல் மறுப்புதான். குடியரசுக் கட்சி ஆட்சி, ஜனநாயகக் கட்சி ஆட்சி இரண்டிலும் பதில் ஒன்றே.

தடையும் வேண்டும், கொடையும் வேண்டும்

துறை தான் விரும்புவதாகச் சொன்ன ஊக்கத்தொகை வழியைச் செய்தும் காட்டியது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2011 இறுதியிலிருந்து 2012 வரை மாசசூசெட்ஸின் ஹாம்ப்டென் மாவட்டத்தில் குலுக்கல் முறையில் 7,500 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட பழம், காய்கறிகளுக்கு அவர்கள் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அட்டையில் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் சாப்பிட்ட பழமும் காயும் மற்றவர்களைவிட 26 சதவீதம் அதிகம். எண்ணாகப் பெரிது, தட்டில் பார்த்தால் நாளுக்குக் கால் கப்.

தடையைப் பற்றி உருப்படியாகச் சோதித்தது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லிசா ஹார்னாக் குழு, 2016-இல் முடிவு வெளியானது. ஸ்நாப் வாங்காத, ஆனால் வருமானத்தில் அதை ஒட்டியே இருந்த 279 பேரை எடுத்து, 12 வாரம், நாலு பிரிவாக நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குப் பழம், காய்க்கு 30 சதவீத ஊக்கத்தொகை. இன்னொன்றுக்குச் சர்க்கரை பானம், மிட்டாய், இனிப்புப் பலகாரத்துக்குத் தடை. மூன்றாவதுக்கு இரண்டும். நாலாவதுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்த பிரிவில்தான் மாற்றம் தெளிவாக இருந்தது. உடலுக்குள் போன கலோரி குறைந்தது, சர்க்கரை பானமும் இனிப்பும் குறைந்தன, பழம் கூடியது. 279 பேர் ஒரு நகரம் ஆகமாட்டார்கள், 12 வாரம் ஒரு வாழ்க்கை ஆகாது. ஆனாலும் இரு தரப்பும் வருஷக்கணக்காக எதிரும் புதிருமாக நிறுத்தி வைத்த இரண்டு வழிகளும் சேர்ந்தால்தான் வேலை செய்கின்றன என்பதை முதலில் காட்டியது இந்தச் சின்ன ஆய்வுதான்.

பதினாலு வருஷம் கழித்து

2025-இல் கதவு ஒரேயடியாகத் திறந்தது. வேளாண்மைச் செயலர் புரூக் ராலின்ஸ் மே 19 அன்று நெப்ராஸ்காவுக்கு முதல் அனுமதியைக் கையெழுத்திட்டார். சுகாதாரச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர் இதை ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் எண்ணிக்கை 12, டிசம்பர் முடிவில் 18 மாநிலங்கள். 2026 ஜனவரி 1 அன்று நெப்ராஸ்கா, இந்தியானா, அயோவா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகியவற்றில் தடை அமலுக்கு வந்தது.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். என்னால் முழுசாக மகிழ முடியவில்லை, ஏனென்றால் மாநிலத்துக்கு மாநிலம் கோடு ஒவ்வோர் இடத்தில் விழுகிறது. இந்தியானாவிலும் ஆர்கன்சாவிலும் செயற்கை இனிப்பு போட்ட, சர்க்கரையே இல்லாத டயட் பானமும் தடைக்குள் வருகிறது. நியூயார்க் கவனமாக வெளியே விட்டது அதைத்தான். சர்க்கரையைக் குறைக்க நினைக்கும் ஒரு நீரிழிவுக்காரர் அதற்கு மாற்றாக எடுக்கக்கூடிய பாட்டிலையும் சேர்த்துப் பிடுங்கினால் அதற்கு மருத்துவக் காரணம் என்ன? அயோவா விற்பனை வரிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த வரி விதிப்படி மாவு கலந்திருந்தால் அது மிட்டாய் கணக்கில் வராது, அதனால் கிட் கேட் அட்டையில் வரும், மாவு இல்லாத சாக்லேட் வராது. பெட்டியில் இருக்கும் சர்க்கரையின் அளவை இங்கே யாரும் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரியது இன்னொன்று. அதே 2025 ஜூலையில் கையெழுத்தான பட்ஜெட் சட்டம், ஸ்நாப்புக்கான மத்தியச் செலவை 10 ஆண்டுகளில் 18,000 கோடி டாலருக்கு மேல் குறைக்கிறது. ஹார்னாக் ஆய்வில் தடையோடு கொடுத்தது 30 சதவீதம் கூடுதல். இங்கே தடையோடு வருவது வெட்டு. 2010-இல் பசி ஒழிப்பு அமைப்புகள் பயந்தது நடந்துவிட்டதே என்று அவர்கள் இன்று சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை.

சின்னக் கடைக்காரர்களின் நிலைமையும் கஷ்டம். பெரிய கடைத்தொடர்களுக்குத் தலைமையகத்தில் ஓர் ஆள் மென்பொருளை மாற்றினால் ஆயிரம் கடையில் மாறிவிடும். முக்குக் கடையில் பெட்டிக்கணக்கில் வரும் ஒவ்வொரு புதுப் பானத்தையும் முதலாளியே பாட்டிலைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்து, கணினியில் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். தப்பு நடந்துகொண்டே இருந்தால் அட்டை வாங்கும் உரிமமே போகலாம் என்ற பயம் வேறு. அட்டையை நம்பி வாழும் வாடிக்கையாளர் பாதி இருக்கும் தெருவில் அந்த உரிமம் போனால் கடை மூடவேண்டியதுதான்.

இப்போதாவது கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்க வேண்டும். அனுமதி வாங்கிய ஒவ்வொரு மாநிலமும் மதிப்பீட்டுத் திட்டம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நான் அதில் தேடப்போவது மூன்றே மூன்று. அட்டையில் நின்றுபோன கோலா சொந்தக் காசில் எவ்வளவு திரும்பி வந்தது? அந்தப் பணம் பாலுக்குப் போனதா, வேறொரு இனிப்புக்குப் போனதா? பில் போடும் இடத்தில் எத்தனை பேர் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார்கள்? மூன்றாவதை யாரும் எண்ணாமல் விட்டுவிடுவார்களோ என்றுதான் கவலை, ஏனென்றால் அது எந்தப் பில்லிலும் அச்சாகாது.

அந்த 18 மாநிலங்களில் நியூயார்க் இல்லை. 2010-இல் சோதனை கேட்ட நகரத்தில் சூடான கோழி அட்டையில் வராது, 65 கிராம் சர்க்கரை பாட்டில் வரும்.